பொரியல் எல்லாம் 404, கூட்டு எல்லாம் வருது: வீட்டு சர்வரில் தமிழ்ப் பக்கங்கள்

#1 அம்மிக்கல்

சமையல் குறிப்புத் தளம். மொத்தம் 412 பக்கம், எல்லாம் மார்க்டவுன், இலெவன்டி (தளம் கட்டுற கருவி) வச்சு எச்டிஎம்எல் ஆகுது. இதுவரை பழைய மேக்ல (சியரா) இருந்துச்சு. இப்போ சும்மா கிடந்த லேப்டாப்புல டெபியன் 12 (லினக்ஸ்) ஏத்தி, ஆர்சிங்க் (ஃபைல் நகலெடுக்கிற கருவி) மூலமா எல்லாத்தையும் தூக்கி வச்சு, கேடி (வெப் சர்வர் மென்பொருள்) போட்டிருக்கேன். வீட்டு வைஃபைல திறந்தா முகப்பு சரியா வருது. உள்ள போனா சில பக்கம் வருது, சில பக்கம் 404.

வினோதம் என்னன்னா, மிளகு குழம்பு வருது, பருப்பு உசிலி வருது. தேங்காய் சாதம் வருது, கொத்தமல்லி சாதம் வரல. தக்காளி ரசம் வருது, கொள்ளு ரசம் வரல. புளிக்குழம்பு உண்டு, புளியோதரை இல்ல. பொரியல் ஒண்ணுகூட வரல. கூட்டு எல்லாம் வருது, கொத்தவரங்காயும் சௌசௌவும் தவிர.

டெர்மினல்ல பட்டியல் போட்டா எல்லா ஃபோல்டரும் கண்ணு முன்னாடி இருக்கு, பெயர்ல ஒரு எழுத்து மாறல. அதே ஃபைல்கள் மேக்ல இன்னைக்கும் நல்லா ஓடுது. எங்க தேடுறதுன்னே தெரியல.

#2 வயர்மேன்

ஃபைல் உரிமையா இருக்கும். கேடி தனி யூசரா ஓடும், அதுக்குப் படிக்க அனுமதி இல்லாத ஃபோல்டர் வராது. ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644 இருக்கான்னு பாருங்க.

#3 திண்ணைவாசி

> ஃபைல் உரிமையா இருக்கும்

உரிமைச் சிக்கல் என்றால் 403 வரும். 404 என்றால் சர்வர் தேடிய பெயரில் அங்கே எதுவுமே இல்லை. மேலும் பொரியலுக்கு மட்டும் உரிமை மறுக்கிற லினக்ஸ் இன்னும் வரவில்லை.

அம்மிக்கல், உங்கள் பட்டியலை நீங்களே ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். வராதவை: கொத்தமல்லி, கொள்ளு, புளியோதரை, பொரியல், சௌசௌ. கொ, யோ, பொ, சௌ. எல்லாம் எழுத்துக்கு இரு பக்கமும் குறி நிற்பவை. கொம்பு மட்டும் இருக்கிற தேங்காய்க்கு ஒன்றும் ஆகவில்லை, காலும் சேர்ந்தால்தான் தகராறு.

#4 பைட்டெண்ணி

திண்ணைவாசி சொன்னதுதான். இதற்குக் காரணம் மேக்கின் பழைய ஃபைல் அமைப்பான எச்எஃப்எஸ் பிளஸ்.

யூனிகோடில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை இடம் (பதின்ம எண்ணில் சொல்கிறேன்). அதில் ‘ொ’ என்ற குறிக்கு 3018 என்று சொந்த எண் உண்டு. அதையே 3014 (ெ), 3006 (ா) என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். யூனிகோடும் இரண்டையும் சமம் என்றே சொல்கிறது. ஆனால் பைட்டாக வேறு வேறு.

தமிழில் இப்படிப் பிரியக்கூடியவை நான்கே நான்கு: ஔ, ொ, ோ, ௌ. வேறு எந்த எழுத்தும் பிரியாது. உங்கள் 404 பட்டியல் இந்த நான்குக்குள் அடங்குகிறதா என்று பார்த்தாலே போதும்.

எச்எஃப்எஸ் பிளஸ் எந்தப் பெயரைக் கொடுத்தாலும் பிரித்துத்தான் வட்டில் எழுதும். தேடும்போதும் பிரித்தே தேடும், அதனால் மேக்கில் சிக்கலே தெரியாது. லினக்ஸின் இஎக்ஸ்டி4 அப்படியல்ல. பெயர் அதற்கு வெறும் பைட் வரிசை, ஒரு பைட் மாறினாலும் வேறு ஃபைல். முகப்பில் நீங்கள் தட்டச்சு செய்த சுட்டி சேர்ந்த வடிவம், ஆர்சிங்க் கொண்டுவந்து போட்ட ஃபோல்டர் பிரிந்த வடிவம். உலாவியும் கேடியும் நடுவில் எதையும் சேர்த்துத் தராது, என்ஜின்எக்ஸ் போன்ற மற்ற வெப் சர்வரும் அப்படித்தான்.

சரிபார்க்க ஒரு சின்னச் சோதனை. தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8-இல் (யூனிகோடை பைட்டாக எழுதும் முறை) 3 பைட். ‘கொள்ளு-ரசம்’ என்பதை எண்ணுங்கள்: க, ொ, ள, ், ள, ு என ஆறு குறி 18 பைட், நடுக்கோடு 1, ர, ச, ம, ் நான்கு குறி 12. மொத்தம் 31. பிரிந்திருந்தால் ஒரு குறி கூடி 34.

எல்எஸ் கட்டளைக்கு ஃபோல்டர் பெயரை மட்டும் காட்டும் சிறிய ‘டி’ தேர்வோடு, நட்சத்திரக் குறி போட்டு ‘ள்ளு-ரசம்’ என்று வால் பகுதியை மட்டும் கொடுங்கள். வெளியீட்டை டபிள்யூசி கட்டளைக்கு பைட் எண்ணும் தேர்வோடு அனுப்புங்கள். வரி முடிவுக்கு 1 பைட் கூடும். 32 வந்தால் சேர்ந்தது, 35 வந்தால் பிரிந்தது.

வால் பகுதியை மட்டும் என்று சொல்லக் காரணம், ‘கொ’ என்று நீங்கள் அடித்தால் ஷெல்லுக்கே அந்த ஃபோல்டர் அகப்படாது.

#5 அம்மிக்கல்

35!

‘கொ’ன்னு அடிச்சுத் தேடினா ‘அப்படி ஒண்ணு இல்ல’ன்னு சொல்லுது. எல்எஸ் காட்டுன பெயரை காப்பி பண்ணி உலாவி முகவரில ஒட்டினா பக்கம் திறக்குது. இப்போ 61 ஃபோல்டரையும் கையாலயா மாத்தணும்?

#6 பைட்டெண்ணி

வேண்டாம். ஃபைல் பெயர்களை மொத்தமாக மாற்ற ‘கான்வ்எம்வி’ என்று டெபியனில் ஒரு பொதி இருக்கிறது, ஏப்ட் மூலம் நிறுவுங்கள். மூல வடிவம் யுடிஎஃப்-8, இலக்கு வடிவமும் யுடிஎஃப்-8, கூடவே ‘என்எஃப்சி’ தேர்வு, உள்ஃபோல்டர்களுக்கும் போக ‘ஆர்’ தேர்வு. என்எஃப்சி என்பதுதான் சேர்ந்த வடிவத்தின் பெயர். பிரிந்தது என்எஃப்டி.

இது தானாக எதையும் மாற்றாது. முதல் ஓட்டத்தில் எதை எதாக மாற்றப்போகிறது என்று பட்டியல் மட்டும் காட்டும். படித்துப் பார்த்துத் திருப்தியானால் ‘நோடெஸ்ட்’ தேர்வோடு மறுபடி ஓட்டுங்கள். ஒரே பெயர் இரண்டு வடிவத்திலும் ஏற்கெனவே இருந்தால் மேலெழுதாமல் நின்று சொல்லும். அப்படி வந்தால் எது புதியது என்று பார்த்து மற்றதை நீங்களே அழிக்க வேண்டும்.

ஆர்சிங்கையும் இன்றே சரி செய்யுங்கள். நாளைக்கு மேக்கிலிருந்து பழையபடியே ஏற்றினால், பிரிந்த பெயரில் புதிதாக 61 ஃபோல்டர் வந்து உட்காரும். அதிலும் ‘டிலீட்’ தேர்வு போட்டு ஏற்றுகிறவராக இருந்தால், சர்வரில் சரியாக்கி வைத்திருக்கிற ஃபோல்டர்களை ‘மேக்கில் இல்லாதவை’ என்று அழித்தும் விடும். ஆர்சிங்கில் பெயரின் வடிவத்தை மாற்றி அனுப்ப ‘ஐகான்வ்’ என்ற தேர்வு இருக்கிறது. மேக்கிலிருந்து அனுப்பும்போது முதலில் ‘யுடிஎஃப்-8-மேக்’, காற்புள்ளி, பிறகு ‘யுடிஎஃப்-8’ என்று கொடுங்கள். சியராவோடு வரும் ஆர்சிங்க் 2.6.9, அதில் இந்தத் தேர்வே கிடையாது. ஹோம்ப்ரூ மூலமோ வேறு வழியிலோ 3-ஆம் பதிப்பு போட்டாக வேண்டும்.

#7 திண்ணைவாசி

கிட் (ஃபைல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) பயன்படுத்துகிறவர்களுக்கு: மேக்கில் ‘ப்ரீகம்போஸ் யூனிகோட்’ என்ற அமைப்பு ‘ட்ரூ’ என்று இருந்தால் கிட் தானே சேர்த்துப் பதிந்துகொள்ளும். மேக்கில் கட்டிய ஜிப் கோப்பிலும் இதே வினை உண்டு, பிரித்தவுடன் கான்வ்எம்வி ஓட்டிவிடுங்கள்.

என்னைக் கேட்டால் ஃபோல்டர் பெயரையே ஆங்கில எழுத்தில் வைத்திருக்கலாம். முகவரி சுருங்கும், இந்தக் கூத்தும் வராது.

#8 பனங்கொட்டை

> ஃபோல்டர் பெயரையே ஆங்கில எழுத்தில் வைத்திருக்கலாம்

எனக்கு அதில உடன்பாடில்லை. கொள்ளு ரசத்தை ஆங்கில எழுத்தில எழுத ஆளுக்கொரு விதம் வைச்சிருக்கினம். ‘ழ’வுக்கு ஒரு ஆள் ஒரு எழுத்து போடுவார், இன்னொராள் ரெண்டு எழுத்து. ஆறு மாசம் கழிச்சு எந்தப் பக்கத்துக்கு எப்பிடி எழுதினனான் எண்டு எழுதின ஆளுக்கே ஞாபகம் இராது.

நீளம் உண்மைதான். ‘கொள்ளு’ 18 பைட், முகவரியில ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோட 3 எழுத்தா மாறும், ஆக 54 எழுத்து. வாட்ஸ்அப்பில ஒட்டினால் வால் மாதிரி நீளும். அதுக்குப் பெயரைச் சுருக்குங்கோ. இன்னொரு எல்லையும் இருக்குது: இஎக்ஸ்டி4-இல ஒரு பெயருக்கு 255 பைட்டுத்தான். தமிழில எண்டால் 85 குறி. முழு வசனத்தையும் ஃபைல் பெயரா வைக்கிற ஆக்கள் உதில முட்டுப்படுவினம்.

அம்மிக்கல், பழைய ஃபைலுகளில பாமினி எழுத்துருவில அடிச்சது ஏதும் இருக்கோ? இருந்தால் அதுக்கு இந்த வழி சரிவராது. பாமினியில உள்ளுக்கை இருக்கிறது ஆங்கில எழுத்துத்தான், எழுத்துரு தான் தமிழாக் காட்டுறது. அதுக்கெண்டு இருக்கிற மாற்றியில போட்டு எடுக்கவேணும். திஸ்கி எண்ட பழைய தமிழ்க் குறியாக்கத்தில இருந்தால் பரவாயில்லை, லினக்ஸில ஐகான்வ் கட்டளைக்கே திஸ்கி தெரியும்.

#9 அம்மிக்கல்

பாமினி எதுவும் இல்லங்க. தமிழ்ப் பெயரையே வச்சுக்கிறேன், வாசகர் முகவரிய பாத்தே என்ன பக்கம்னு தெரிஞ்சுக்கணும்.

கான்வ்எம்வி ஓட்டியாச்சு. 61 பெயரும் மாறிடுச்சு, மோதல் எதுவும் இல்ல. பொரியல் பூரா வந்துருச்சு!

ஆனா ரெண்டு பாக்கி. (1) சௌசௌ கூட்டு இன்னும் 404. பைட் எண்ணிப் பாத்தேன்: ஃபோல்டர்ல ‘சௌசௌ’ மட்டும் 12, முகப்புச் சுட்டில 18. அப்போ முகப்புலதான் பிரிஞ்சிருக்கு போல. முகப்பு ஃபைலை என்எஃப்சி ஆக்கினேன், அப்பவும் 18-லயே நிக்குது. (2) முன்னாடி வந்துக்கிட்டிருந்த சில படம் இப்போ வரல.

#10 பைட்டெண்ணி

(1) உங்கள் முகப்பில் இருப்பது ‘சௌ’ அல்ல, ‘செள’. அதாவது ச, ெ, பிறகு முழு எழுத்தான ‘ள’ (2995). ஔகாரக் குறியின் வலப் பாதி 3031 என்ற தனிக் குறி. பார்க்க ‘ள’ மாதிரியே இருக்கும், ஆனால் அது ‘ள’ இல்லை. எழுத்துப்பிழையைச் சேர்த்துக்கொடுப்பது என்எஃப்சியின் வேலை இல்லை, அதனால்தான் அசையவில்லை.

பைட் எண்ணிக்கை இங்கே ஏமாற்றிவிடும். சரியான ‘சௌசௌ’ சேர்ந்த வடிவில் 4 குறி, 12 பைட். பிரிந்தால் 6 குறி, 18 பைட். ‘செளசெள’ என்ற பிழையும் 6 குறி, 18 பைட். எண்ணிக்கை ஒன்று, நோய் வேறு. பைத்தானில் ‘ஆர்ட்’ செயல்கூறால் ஒவ்வொரு குறியின் எண்ணையும் அச்சிட்டுப் பாருங்கள். 3031 வந்தால் பிரிந்தது, 2995 வந்தால் பிழை.

இதே நோய் வெளவால், கெளரவம், செளக்கியம் என்று இணையம் பூராவும் பரவிக் கிடக்கிறது. ‘ஔவை’யை ‘ஒளவை’ என்று அடிப்பதும் இதே கதை. தேடல் பெட்டி வைத்திருந்தால் சரியாக அடிப்பவருக்குப் பக்கம் கிடைக்காது.

(2) கட்டுரைக்குள் இருக்கிற படப் பெயர்கள். ஃபைண்டரிலிருந்து பெயரை காப்பி செய்து ஒட்டியிருப்பீர்கள், அது பிரிந்த வடிவில் வந்திருக்கும். முன்பு பிரிந்த பெயரும் பிரிந்த சுட்டியும் பொருந்தின. இப்போது ஃபைல் பெயர் சேர்ந்துவிட்டது, சுட்டி அப்படியே இருக்கிறது. ஐசியூ (யூனிகோட் நூலகம்) கருவிகளில் ‘யூகான்வ்’ என்று ஒன்று உண்டு, ‘எனி-என்எஃப்சி’ மாற்றத்தை மார்க்டவுன் ஃபைல்கள் மேல் ஓட்டுங்கள். மார்க்டவுன் மேல் மட்டும். ஃபோல்டர் முழுக்க என்று கொடுத்து ஜேபெக் மேலும் ஓடிவிட்டால் படம் கெட்டுவிடும். முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

#11 திண்ணைவாசி

‘ெள’வைத் தேடி மொத்தமாக ‘ௌ’ ஆக்கிவிடலாம் என்று கை துறுதுறுக்கும். செய்யாதீர்கள். வெள்ளரி, தெளிவு, கெளுத்தி மூன்றும் காலி. ‘ள’வுக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் அது நிஜ ‘ள’, அதை விட்டுவிடுங்கள். குறி எதுவும் இல்லாமல் நிற்பதை மட்டும் கிரெப்பில் வடிகட்டுங்கள். அதிலும் பேச்சு வழக்கில் எழுதுகிறவர் என்றால் ‘வெளக்கெண்ணெய்’, ‘வெளஞ்ச தேங்காய்’ எல்லாம் வந்து நிற்கும். மிச்சத்தைக் கண்ணால் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். சமையல் தளத்தில் பத்து இருபதுக்கு மேல் தேறாது.

#12 அம்மிக்கல்

14 இடம் இருந்துச்சு. 3 ‘வெளஞ்ச’, மீதி 11 பிழை. படங்களும் வந்துருச்சு. கும்பிடு.

அடுத்து ஒண்ணு. பொருள் வாரியா அகர வரிசைப் பக்கம் இருக்கு, ஜாவாஸ்கிரிப்ட்ல ‘சார்ட்’ போட்டு எடுக்குறேன். ‘பனங்கற்கண்டு, பருப்பு, பழம்’னு வருது. ஜவ்வரிசி சோளத்துக்கும் தக்காளிக்கும் நடுவுல நிக்குது.

#13 பைட்டெண்ணி

வெறும் ‘சார்ட்’ எண் வரிசையில் அடுக்கும். யூனிகோடில் ‘ன’ இருப்பது ‘ந’வுக்கு அடுத்து, நம் நெடுங்கணக்கில் அது கடைசி. ‘ஜ’ இருப்பது ‘ச’வுக்குப் பின்னால். இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு அச்சில் வார்த்ததால் வந்த இடம்.

‘இன்டல் கொலேட்டர்’ எடுத்து மொழியாகத் தமிழைக் கொடுத்து, அதன் ஒப்பிடும் செயல்கூறை ‘சார்ட்’டுக்குள் போடுங்கள். ‘பருப்பு, பழம், பனங்கற்கண்டு’ என்று வரும், ஜவ்வரிசி வரகுக்குப் பின்னால் போகும். நோட் (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) 13 முதல் எல்லா மொழித் தரவும் உள்ளேயே வருகிறது. அதற்கு முந்தைய நோட் என்றால் ஆங்கிலத் தரவு மட்டும் இருக்கக்கூடும். பிழை எதுவும் காட்டாமல் தப்பாக அடுக்கும்.

#14 அம்மிக்கல்

சரியாயிடுச்சு. இனி வெளிய காட்டணும். ரவுட்டர்ல 80, 443 ரெண்டு போர்ட்டையும் லேப்டாப்புக்குத் திருப்பி விட்டேன், மொபைல் டேட்டால இருந்து திறந்தா சுத்திக்கிட்டே இருக்கு. ரவுட்டர் பக்கத்துல வேன் முகவரி (ரவுட்டரோட வெளிப்பக்க ஐபி) 100.87-ல ஆரம்பிக்குது. உலாவில ‘என் ஐபி என்ன’ன்னு கேட்டா வேற ஏதோ காட்டுது.

#15 வயர்மேன்

இது என் ஏரியா. 100.64-ல இருந்து 100.127 வரைக்கும் சிஜிநாட்டுக்குன்னே ஒதுக்கின முகவரி. உங்க வேன் முகவரி அதுக்குள்ள இருக்கு, அப்போ பொது முகவரி ஒண்ண பல வீடு பகிர்ந்துக்குது. வெளிய இருந்து வர்ற கோரிக்கை இணைப்பு கம்பெனிப் பெட்டிலயே நின்னுடும், உங்க ரவுட்டரை எட்டவே எட்டாது. நீங்க எத்தன போர்ட் திறந்தாலும் பிரயோசனம் இல்ல. அந்த ரெண்டு விதியையும் முதல்ல அழிச்சிடுங்க.

(வேன் முகவரி 192.168 இல்ல 10-ல ஆரம்பிச்சா, ஃபைபர் மோடமே ஒரு ரவுட்டரா இருந்து அதுக்குப் பின்னாடி உங்க ரவுட்டர் நிக்குதான்னு மொதல்ல பாருங்க. அது வீட்டுக்குள்ளயே தீர்க்கிற விஷயம்.)

வழிகள்:

ஸ்டேட்டிக் ஐபி கேட்டு வாங்குறது. மாசா மாசம் காசு, சில திட்டத்துல தரவே மாட்டாங்க.

ஐபிவி6 (புது வகை ஐபி முகவரி). நிறைய இணைப்புல இலவசமாவே வருது, சிஜிநாட் தொல்லை கிடையாது. ரவுட்டரோட ஐபிவி6 ஃபயர்வால்ல அந்த லேப்டாப்புக்கு மட்டும் 443 திறக்கணும். முன்னொட்டு மாறினா டிஎன்எஸ் பதிவையும் மாத்திக்கிட்டே இருக்கணும், அதுக்கு ஒரு டைனமிக் டிஎன்எஸ் ஸ்கிரிப்ட். ஐபிவி4 மட்டும் இருக்கிற அலுவலக வலையில இருந்து பாக்குறவங்களுக்கு உங்க தளம் இல்லவே இல்ல.

சுரங்கம். க்ளவுட்ஃப்ளேரோட ‘க்ளவுட்ஃப்ளேர்டி’ய லேப்டாப்புல போட்டா அது உள்ள இருந்து வெளிய இணைப்பு பிடிச்சு வச்சுக்கும், வர்ற கோரிக்கை அந்தக் கயிறு வழியாவே இறங்கும். போர்ட் எதுவும் திறக்க வேணாம், சான்றிதழும் அவங்க பாத்துக்குவாங்க. டொமைனோட நேம்சர்வரை அவங்ககிட்ட மாத்தணும். உங்களுக்கு இதுதான் சரி.

#16 பனங்கொட்டை

ஒண்டு சொல்லவேணும்: உந்தச் சுரங்கத்தில பூட்டுத் திறக்கிறது அவையின்ர சர்வரில. அதால போற வாறது எல்லாம் அவைக்குத் தெரியும். ரசம் வைக்கிற முறைக்குப் பரவாயில்லை. நாளைக்கு வீட்டுப் படங்கள், கடவுச்சொல் உள்ள பக்கம் ஏதும் வைக்கிறதெண்டால் யோசியுங்கோ. அதுகளுக்கு வயர்கார்டு (விபிஎன்) போட்டு வீட்டு வலைக்குள்ள வாறதுதான் நல்லது. சிஜிநாட்டுக்குப் பின்னால இருக்கிற பக்கத்தில ‘பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ்’ 25 எண்டு வையுங்கோ, இல்லாட்டி சும்மா இருக்கேக்க வழி மூடிப்போடும்.

#17 திண்ணைவாசி

வயர்கார்டுக்கு மறுமுனையில் பொது முகவரியுள்ள வாடகை சர்வர் ஒன்று வேண்டும். அதை வாங்கிவிட்டால் தளத்தையே அதில் வைத்துவிடலாமே? 412 எச்டிஎம்எல் பக்கத்துக்கு வீட்டில் ஒரு லேப்டாப் இரவு பகலாக விழித்திருக்க வேண்டுமா என்பது என் கேள்வி. விளையாட்டுக்கு என்றால் சரி, விளையாடுவோம்.

#18 அம்மிக்கல்

விளையாட்டுக்குத்தாங்க :) சுரங்கம் போட்டாச்சு, மொபைல்ல இருந்து திறக்குது. ஆனா ஒரு பக்கம் வர 10 வினாடி ஆகுது. படம் ஒவ்வொண்ணும் 4 எம்பி, போன்ல எடுத்தது அப்படியே இருக்கு.

#19 வயர்மேன்

அதை அப்படியே வெளிய விட்டுடாதீங்க! வேகத்தை விடுங்க, போன் படத்துக்குள்ள எடுத்த இடத்தோட ஜிபிஎஸ் எண் இருக்கும். சமையல் படம்னா அது உங்க வீட்டு அடுப்படி.

இமேஜ்மேஜிக்ல மூணு வேலைய இந்த வரிசையிலயே பண்ணுங்க: முதல்ல ‘ஆட்டோ-ஓரியன்ட்’, அப்புறம் அகலம் 1200-க்குச் சுருக்கம், கடைசியா ‘ஸ்ட்ரிப்’. ஸ்ட்ரிப் ஜிபிஎஸ்ஸ அழிக்கும், கூடவே படம் எந்தப் பக்கம் நிமிரணும்ங்கிற குறிப்பையும் அழிக்கும். ஆட்டோ-ஓரியன்ட் முன்னாடியே போடலைன்னா நெட்டுக்கு எடுத்த படம் எல்லாம் படுத்துக்கும். வெப்பி பட வடிவம், தரம் 75 போதும். பெரும்பாலும் 200 கேபி சுத்து வட்டாரத்துல அடங்கிடும்.

#20 பைட்டெண்ணி

எழுத்துருவையும் பாருங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் வைத்திருந்தால் ஃபான்ட்டூல்ஸில் இருக்கிற ‘பைஎஃப்டிசப்செட்’ கொண்டு நறுக்கலாம். எடுத்துக்கொள்ள வேண்டியவை: 32–126, 2944–3071, ரூபாய்க் குறி 8377, இணைப்பு-பிரிப்புக் குறிகள் 8204, 8205, புள்ளி வட்டம் 9676. கருவி பதினறும எண்ணில்தான் கேட்கும், மாற்றிக்கொள்ளுங்கள். வெளியீடு வாஃப்2 (இணைய எழுத்துரு வடிவம்). அதற்கு பைத்தானில் ப்ராட்லி நூலகமும் வேண்டும், இல்லையென்றால் கடைசி வரியில் வந்து பிழை காட்டும். 50 கேபிக்குள் வந்துவிடும்.

‘லேஅவுட் ஃபீச்சர்’ எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எழுத்து வடிவங்களை மட்டும் பொறுக்கி அட்டவணைகளை எறிந்துவிடும் சில இணையக் கருவிகள் இருக்கின்றன. அவற்றில் நறுக்கினால் ‘கு’, ‘டி’ போன்றவை ஒட்டாமல் ககரமும் குறியும் தனித்தனியே நிற்கும். நறுக்கிய எழுத்துருவை ‘குடுமியும் தூணும் நீறு பூத்த டீயும்’ மாதிரி ஒரு வாக்கியத்தில் போட்டுப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். பொருள் வேண்டாம், உகர ஊகார இகர ஈகாரம் எல்லாம் வந்தால் போதும்.

#21 அம்மிக்கல்

படம், எழுத்துரு ரெண்டும் முடிஞ்சது, பக்கம் இப்போ சட்டுனு வருது. கடைசியா கரன்ட் விஷயம். இங்க வாரத்துக்கு ரெண்டு தடவ போகும். லேப்டாப் பேட்டரி தாங்குது, ஆனா மூடி வச்சா தூங்கிடுது.

#22 வயர்மேன்

தூக்கம்: சிஸ்டம்டியோட ‘லாகின்டி’ அமைப்பு ஃபைல்ல ‘ஹேண்டில்-லிட்-ஸ்விட்ச்’ வரிய ‘இக்னோர்’னு மாத்துங்க. வரி முன்னாடி இருக்கிற வேலிக் குறிய (#) எடுக்க மறந்துட்டு ‘மாத்திட்டேன், வேலை செய்யல’ம்பாங்க நிறைய பேர். மாத்தினதும் மறுதொடக்கம்.

பேட்டரி: எந்நேரமும் சார்ஜர்லயே இருக்கப்போற லேப்டாப். 100-லயே நிறுத்தி வச்சா, அதுவும் வெயில் காலத்துல, ஊதிடும். கெர்னல் ஆதரவு இருந்தா ‘சார்ஜ் கன்ட்ரோல் எண்ட் த்ரெஷோல்ட்’ல 80 எழுதுங்க, 60 இன்னும் நல்லது. டிஎல்பி பொதி போட்டா ஒவ்வொரு தொடக்கத்துக்கும் அதுவே எழுதிக்கும். ஏற்கெனவே ஊதியிருக்கான்னு பாக்க: சமதளத்துல வச்சா அடிப்பக்கம் ஆடுதா, டச்பேட் அழுத்த இறுக்கமா இருக்கா. இருந்தா அன்னைக்கே கழட்டிடுங்க, குத்திக் கித்திப் பாக்காதீங்க. பேட்டரி இல்லாம ஓட்டுறதா இருந்தா பயாஸ்ல கரன்ட் வந்ததும் தானா எழுற தேர்வு இருக்கான்னு பாருங்க.

செலவு: இந்த மாதிரி லேப்டாப் திரை அணைஞ்சு சும்மா இருக்கும்போது 11 வாட்னு வச்சுக்குவோம். ஒரு நாளைக்கு 264 வாட்-மணி, 60 நாளைக்கு 15.84 கிலோவாட்-மணி. ரெண்டு மாச பில்லுல 16 யூனிட்.

ஆனா லேப்டாப் முழிச்சிருந்து என்ன, ஃபைபர் மோடமும் ரவுட்டரும் கரன்ட் போன நொடியே செத்துடும். அதுக்கு 12 வோல்ட் குட்டி யூபிஎஸ் வாங்கணும். அட்டைல 6000 எம்ஏஎச்னு போட்டிருப்பான், அது உள்ள இருக்கிற 3.7 வோல்ட் செல்லோட கணக்கு. 22.2 வாட்-மணிதான். மாத்துறதுல போற நட்டம் 15 விழுக்காடு கழிச்சா 19. மோடமும் ரவுட்டரும் சேந்து 8 வாட் இழுத்தா 2 மணி 20 நிமிஷம். ரெண்டு பெட்டியும் 12 வோல்ட்தானான்னு அடாப்டர்லயே படிச்சுப் பாருங்க, சில மோடம் வேற வோல்ட். முள்ளோட அளவும் ரெண்டு வகை: 5.5-க்கு 2.1 மிமீ, 5.5-க்கு 2.5 மிமீ. 2.5 பிளக்கை 2.1 சாக்கெட்ல சொருகினா உள்ள போகும், ஆனா லூசா ஆடும், விட்டு விட்டு அணையும். அதை நெட் பிரச்சனைன்னு நெனச்சு புகார் குடுத்துக்கிட்டு இருப்பீங்க.

#23 அம்மிக்கல்

அடாப்டர் ரெண்டும் 12 வோல்ட், 1 ஆம்பியர். வாங்கிடுறேன்.

இன்னொண்ணு ஞாபகம் வந்துச்சு. மேக்ல இருந்தப்போ முகவரிய காப்பி பண்ணி அக்கா, சித்தி எல்லாருக்கும் வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கேன், அதுல பாதி ஃபைண்டர் பெயர ஒட்டி செஞ்சது. டொமைன் அதேதான். அதெல்லாம் இனி 404 தானே?

#24 பனங்கொட்டை

பிரிஞ்ச பெயரில ஒரு சிம்லிங்க் போட்டு சேர்ந்த ஃபோல்டருக்குக் காட்டலாம், இஎக்ஸ்டி4-இல ரெண்டு பெயரும் பக்கத்தில பக்கத்தில இருக்கும். ஆனா எல்எஸ் போட்டால் ஒரே பெயர் ரெண்டு தரம் தெரியும், பிறகு பார்க்கிற ஆள் ஒண்டை அழிச்சுப்போடும்.

#25 பைட்டெண்ணி

சிம்லிங்க் வேண்டாம். 404 பக்கத்திலேயே நாலு வரி ஜாவாஸ்கிரிப்ட் போதும். முகவரியின் பாதைப் பகுதியை ‘டீகோட்யூஆர்ஐ’யால் தமிழாக்குங்கள், ‘நார்மலைஸ்’ செயல்கூறால் என்எஃப்சி ஆக்குங்கள், மூலத்தோடு ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் மட்டும் ‘லொகேஷன் ரீப்ளேஸ்’ மூலம் புதிய பாதைக்கு அனுப்புங்கள். மாறாமல் இருந்தால் அப்படியே நிறுத்திவிட வேண்டும். அந்த ஒப்பீட்டை விட்டுவிட்டால் உண்மையிலேயே இல்லாத பக்கத்தைத் தேடி வருபவர் 404-க்கும் 404-க்கும் நடுவில் சுற்றிக்கொண்டே இருப்பார்.

ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் டீகோட் செய்த வடிவமாக இருக்கட்டும். ஒன்று விழுக்காட்டுக் குறியோடும் மற்றது தமிழாகவும் இருந்தால் எப்போதும் ‘மாறியிருக்கிறது’ என்றே சொல்லும், மறுபடி அதே சுற்று. பாதையில் உடைந்த விழுக்காட்டுக் குறி இருந்தால் டீகோட்யூஆர்ஐ பிழை எறியும், அதை ட்ரை-கேட்சுக்குள் வையுங்கள். கேடியில் ‘ஹேண்டில் எரர்ஸ்’ பகுதியில் இந்தப் பக்கத்தைச் சுட்டினால்தான் இது ஓடும். சும்மா ஃபைலை வைத்தால் கேடி வெறும் பக்கத்தைத்தான் காட்டும்.

#26 அம்மிக்கல்

போட்டாச்சு. சித்திக்கு அனுப்பின பழைய புளியோதரை சுட்டிய இப்போ தட்டினேன், அரை வினாடி வெள்ளையா நின்னுட்டு பக்கம் திறந்துச்சு. முகவரி பட்டைல ஒரு எழுத்தும் மாறின மாதிரி தெரியல.